ஹாம்லெட் தாமதிக்கவில்லை

ஷேக்ஸ்பியரின் ‘ஹாம்லெட்’டை ஒரு பக்கம்கூடப் புரட்டாதவர்களுக்கும் அதைப் பற்றி ஒரு சங்கதி தெரிந்திருக்கும். அந்த டென்மார்க் இளவரசன் முடிவெடுக்கத் தெரியாதவன். அப்பாவைக் கொன்ற சித்தப்பாவைத் தீர்த்துக்கட்ட வேண்டியவன், யோசித்து யோசித்தே நாளைக் கடத்தி, கடைசியில் தன்னோடு சேர்த்து எட்டு உயிர்களைக் காவு கொடுத்தவன். நம் ஊர்க் கல்லூரிகளில் ஆங்கில இலக்கியம் படித்தவர்களுக்கு இது மனப்பாடம். மேக்பெத்துக்குப் பேராசை, ஒத்தெல்லோவுக்குச் சந்தேகம், லியருக்கு அகந்தை, ஹாம்லெட்டுக்குத் தாமதம் என்று கைடுகளில் கட்டம் போட்டே கொடுத்திருப்பார்கள். நாலு நாடகம், நாலு குறை, நாலு விடை. 1948-ல் லாரன்ஸ் ஒலிவியர் எடுத்த படமும் இதே தீர்ப்பைத் தொடக்கத்திலேயே பின்னணிக் குரலில் வாசித்துவிட்டுத்தான் கதைக்குள் போகிறது. சிறந்த படத்துக்கான ஆஸ்கர் அதற்குக் கிடைத்தது. தீர்ப்புக்கும் கூடவே முத்திரை விழுந்துவிட்டது.

இந்தத் தீர்ப்பு தப்பு என்பது என் கட்சி. கொஞ்சம் மிகையான தீர்ப்பு, ஒரு பக்கம் சாய்ந்த தீர்ப்பு என்றெல்லாம் பூசி மெழுக விருப்பமில்லை. நாடகத்தில் எது எப்போது நடக்கிறது என்று காட்சி காட்சியாகப் பார்த்துக்கொண்டே வந்தால் குற்றச்சாட்டுக்கு நிற்க இடமே இருக்காது.

முதலில் நாள் கணக்கு. நாடகம் தொடங்கும்போது பழைய மன்னன் இறந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை என்கிறான் ஹாம்லெட். அன்றிரவே ஆவியைப் பார்க்கிறான். தோட்டத்தில் தூங்கும்போது பாம்பு கடித்துச் செத்தேன் என்று ஊருக்குச் சொல்லியிருக்கிறார்கள், உண்மையில் என் தம்பி கிளாடியஸ் காதில் விஷம் ஊற்றிக் கொன்றான் என்று ஆவி சொல்கிறது. மூன்றாம் அங்கத்தில் அரண்மனையில் நாடகம் நடக்கும் இரவில், உங்கள் அப்பா இறந்து நாலு மாதம் ஆகிறது என்று அமைச்சர் பொலோனியஸின் மகள் ஒஃபீலியா சொல்கிறாள். இடையில் போனது ஏறக்குறைய இரண்டு மாதம். அதற்குப் பிறகு கதை ஓடும் வேகத்தைப் பாருங்கள். நடிகர்கள் வந்த அன்றே திட்டம் போடுகிறான். மறுநாள் இரவு நாடகம். அதே இரவில் கிளாடியஸ் பிரார்த்தனைக்கு மண்டியிடுகிறான், ஹாம்லெட் தாயின் அறைக்குப் போகிறான், திரைக்குப் பின்னால் சத்தம் கேட்டதும் வாளைச் சொருகுகிறான், பொலோனியஸ் சாகிறான். அந்தப் பிணத்தைக் காரணம் காட்டியே ஹாம்லெட்டைப் பிடித்துக் காவலோடு இங்கிலாந்துக்குக் கப்பலேற்றிவிடுகிறார்கள். சித்தப்பாதான் கொலையாளி என்ற உறுதி கிடைத்ததிலிருந்து நாடு கடத்தப்படுவது வரை அவனுக்கு வாய்த்தது ஓர் இரவு. ஆக, நூற்றாண்டுகளாகப் பேசப்படும் இந்தத் ‘தாமதம்’ உண்மையில் இரண்டே இடங்களில் இருக்கிறது: மேடைக்கு வெளியே கழிந்த அந்த இரண்டு மாதமும், ஒரு பிரார்த்தனைக் காட்சியும்.

இரண்டு மாதம் என்ன செய்துகொண்டிருந்தான்? அவன் கையில் இருந்த ஆதாரம் என்ன என்று திருப்பிக் கேட்க வேண்டும். ஓர் ஆவியின் வாக்குமூலம். அதையும் அவனைத் தவிர வேறு யாரும் கேட்கவில்லை. நண்பன் ஹொரேஷியோவும் காவலர்களும் உருவத்தைத்தான் பார்த்தார்கள், பேச்சைக் கேட்டவன் இவன் ஒருவன்தான். அந்த ஆவி, பகலில் நெருப்பில் கிடந்து பாவம் கழிப்பதாகச் சொல்கிறது. அப்படி ஓர் இடம் உண்டு என்பது கத்தோலிக்க நம்பிக்கை. இங்கிலாந்துத் திருச்சபை தன் 39 கொள்கைகளில் அதைக் கட்டுக்கதை என்று தள்ளிவிட்டது. 1600-ஐ ஒட்டி லண்டன் அரங்கில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு அதிகாரபூர்வமாகச் சொல்லித்தரப்பட்டது, செத்தவர் திரும்பி வருவதில்லை, வருவது பெரும்பாலும் பிசாசின் வேலை என்பது. சுவிட்சர்லாந்துப் பாதிரியார் லூட்விக் லவாட்டர் ஆவிகளைப் பற்றி எழுதிய புத்தகம் 1572-லேயே ஆங்கிலத்தில் வந்துவிட்டது. ஸ்காட்லாந்து மன்னராக இருந்த ஜேம்ஸ் 1597-ல் பேய்சாத்திரம் பற்றித் தானே ஒரு நூல் எழுதினார். இவற்றோடு இன்னொன்று: ஹாம்லெட் படித்தது விட்டன்பர்க்கில். மார்ட்டின் லூதர் 1517-ல் கலகத்தைத் தொடங்கிய அதே ஊர். அங்கே படித்துவிட்டு வந்த பிள்ளையிடம், பாவம் கழிக்கும் நெருப்பிலிருந்து வந்திருக்கிறேன், உன் சித்தப்பாவைக் கொல் என்று ஓர் உருவம் சொன்னால் அவன் உடனே வாளை உருவ வேண்டுமாம்!

உருவாமல் அவன் செய்தது என்ன? இரண்டாம் அங்கத்தின் முடிவில் தெளிவாகச் சொல்கிறான்: நான் பார்த்தது பிசாசாகவும் இருக்கலாம், என் துக்கத்தைப் பயன்படுத்தி என்னை நரகத்தில் தள்ளப் பார்க்கலாம், இதைவிட உறுதியான ஆதாரம் எனக்கு வேண்டும். அதற்காகத்தான் அப்பாவின் கொலையைப் போலவே ஒரு நாடகத்தை நடத்துகிறான். ஹொரேஷியோவை அழைத்து, நீயும் சித்தப்பாவின் முகத்தைக் கவனி, முடிந்ததும் இருவரும் பார்த்ததை ஒப்பிட்டுக்கொள்வோம் என்கிறான். இரண்டாவது சாட்சி! ஒரு கொலை வழக்கில் விசாரணை அதிகாரி இப்படி நடந்துகொண்டால் நிதானமானவர் என்று பாராட்டுவோம். இளவரசன் செய்தால் மட்டும் அது குணக்கோளாறு.

அந்த நாடகத்துக்குள் நாடகத்தில் நம் வகுப்பறைகள் அநேகமாகக் கவனிக்காமல் தாண்டிவிடும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. அதில் தூங்கும் மன்னன் காதில் விஷம் ஊற்றுகிறவன் மன்னனின் தம்பி அல்ல, அண்ணன் பிள்ளை. ஹாம்லெட்டே எழுந்து அந்த உறவை உரக்க அறிவிக்கிறான். இப்போது அவையில் உட்கார்ந்திருப்பவர்களின் கண்ணால் பாருங்கள். அவர்களுக்குப் பழைய கொலை பற்றி எதுவும் தெரியாது. ஆட்சியில் இருக்கும் சித்தப்பாவின் முன்னால், ஒரு மன்னனை அவனுடைய அண்ணன் பிள்ளை விஷம் வைத்துக் கொல்வதாக நாடகம் போடுகிறான் இளவரசன். மன்னர் கோபத்தோடு எழுந்து போகிறார். யார்மீது சந்தேகம் வரும்? ஹாம்லெட்மீது. தாயும் அவனைத்தான் கண்டிக்கிறாள், நண்பர்கள் என்று வந்த ரோசன்கிராண்ட்ஸும் கில்டன்ஸ்டெர்னும் அவனைத்தான் கண்டிக்கிறார்கள். கிடைத்த ஆதாரம் அவனுக்கும் ஹொரேஷியோவுக்கும் மட்டுமே ஆதாரம். கிளாடியஸ் தன் வாயால் குற்றத்தை ஒப்புக்கொள்வது தனியறையில், நம் காதுக்கு மட்டும். ஹாம்லெட் உள்ளே வரும்போது அவன் பேச்சை முடித்துவிட்டு மண்டியிட்டிருக்கிறான். நாம் ஒட்டுக்கேட்டுத் தெரிந்துகொண்டதை வைத்துக்கொண்டு, கேட்காத அவனைக் கோழை என்கிறோம்.

சரி, அந்தப் பிரார்த்தனைக் காட்சிக்கே வருவோம். தாமதக் கட்சிக்காரர்களின் பெரிய சாட்சி இதுதான். எதிரி தனியாக இருக்கிறான், முதுகு காட்டி மண்டியிட்டிருக்கிறான், காவல் இல்லை. ஹாம்லெட் வாளை உருவுகிறான், பிறகு உறைக்குள் போடுகிறான். காரணமும் சொல்கிறான். என் அப்பா பாவமன்னிப்புப் பெறாமல், பாவங்களின் பாரத்தோடு கொல்லப்பட்டார். இவனை ஜெபத்தில் இருக்கும்போது கொன்றால் நேராகச் சொர்க்கத்துக்குப் போவான். அது கூலியாகுமே தவிரப் பழியாகாது. இவன் குடித்துக் கிடக்கும்போதோ, கோபத்தில் இருக்கும்போதோ, படுக்கையில் இருக்கும்போதோ கொல்ல வேண்டும், ஆத்மாவும் சேர்ந்து நரகத்துக்குப் போக வேண்டும்.

சாமுவேல் ஜான்சன் 1765-ல் தன் ஷேக்ஸ்பியர் பதிப்பில் இந்தப் பேச்சு வாசிக்கவோ உச்சரிக்கவோ கூடாத அளவுக்குக் கொடூரமானது என்று குறித்தார். அவருக்குப் பிடிக்கவில்லை, ஆனால் சொன்னதை அப்படியே நம்பினார். அடுத்த தலைமுறைக்கு நம்பவும் மனம் வரவில்லை. இவ்வளவு மென்மையான இளவரசன் இவ்வளவு கொடூரமாக நினைப்பானா, இது சாக்கு, கொல்ல மனம் வராததை மறைக்கச் சொல்லும் சால்ஜாப்பு என்றார்கள். பிரதியில் இதற்கு ஒரு சொல் ஆதாரம் இல்லை. அந்தக் காலத்துப் பழிவாங்கும் கதைகளில் எதிரியின் ஆத்மாவையும் கெடுத்துவிட்டுக் கொல்வது தெரிந்த விஷயம்தான். தாமஸ் நாஷ் 1594-ல் வெளியிட்ட ஓர் உரைநடைக் கதையில், உயிர்ப்பிச்சை தருவதாகச் சொல்லி எதிரியைக் கடவுளை மறுதலிக்க வைத்துவிட்டு அந்த வாயிலேயே சுடுகிறான் ஒருவன். ஹாம்லெட் சொல்வது இந்த ரகம். அது மென்மையும் அல்ல, தயக்கமும் அல்ல. சாவுக்கு மேலும் தண்டிக்க ஆசைப்படுவது. இந்த நாடகத்தில் ஹாம்லெட்மீது வைக்க வேண்டிய நியாயமான குற்றச்சாட்டு ஒன்று உண்டென்றால் அது இங்கேதான் இருக்கிறது: கொல்வதற்கு மேலே போய்த் தெய்வத்தின் வேலையையும் கையில் எடுத்துக்கொள்ளப் பார்க்கிறான். அந்தக் கொடூரத்தைக் கண்ணெடுத்துப் பார்க்கத் தைரியமில்லாமல் அதற்குத் தாமதம் என்று பெயர் வைத்தாயிற்று. அவன் போனதும் கிளாடியஸ் எழுந்து, சொல் மேலே போகிறது, மனம் கீழேயே கிடக்கிறது, ஜெபம் பலிக்கவில்லை என்ற பொருளில் முனகுகிறான். அப்போதே கொன்றிருந்தால் ஹாம்லெட் விரும்பியபடி நரகத்துக்கே போயிருப்பான். ஷேக்ஸ்பியர் வைத்த குரூரமான முரண் இது. முடிவெடுக்கத் தெரியாதவன் கதையாக வாசித்தால் இந்த முரண் முழுவதும் வீணாகிறது.

அடுத்த காட்சியே வாதத்தை முடித்துவைக்கிறது. தாயின் அறையில் திரைக்குப் பின்னால் ஒரு குரல். யார் என்று பார்க்கவில்லை, யோசிக்கவில்லை, ஒரே குத்து. மன்னனா என்று பிறகுதான் கேட்கிறான். சில நிமிடங்களுக்கு முன்னால் ஜெபத்தில் இருந்தவனை விட்டுவிட்டு வந்தவன், ஒளிந்து ஒட்டுக்கேட்பவன் என்றதும் குத்துகிறான், ஏனென்றால் இது பாவச் செயலில் இருக்கும் தருணம். சொன்ன சொல்லை அப்படியே நடத்திக் காட்டுகிறான். செத்தது வேறு ஆள் என்பது அவன் துரதிர்ஷ்டம்.

கப்பலில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். இரவில் எழுந்து, உடன் வந்த இருவரின் பையிலிருந்து அரச ஆணையை எடுத்துப் பிரித்து, இங்கிலாந்தில் தன் தலையை வெட்டச் சொல்லியிருப்பதைப் படித்து, அங்கேயே வேறு ஆணை எழுதி, அவர்கள் இருவரையும் கொல்லும்படி மாற்றி, அப்பாவின் முத்திரை மோதிரத்தால் முத்திரையிட்டு வைத்துவிடுகிறான். மறுநாள் கடற்கொள்ளையர் வந்தபோது தனி ஆளாக அவர்கள் கப்பலுக்குத் தாவுகிறான். இவன்தான் செயலற்றவன்!

ஹாம்லெட்டே தன்னைக் கோழை என்கிறானே என்பார்கள். சொல்கிறான். நடிகன் ஒருவன் டிராய் நகர ராணிக்காகக் கண்ணீர் விடுவதைப் பார்த்துவிட்டு, எனக்கு இவ்வளவு காரணம் இருந்தும் சும்மா இருக்கிறேனே என்று தன்னைத் திட்டித் தீர்க்கிறான். தேர்வுக்கு மனப்பாடம் செய்கிறவர்கள் அந்த இடத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். பேச்சின் பின்பாதியில் அந்தத் திட்டு தனக்கே அசிங்கமாகப் பட்டு, மூளையை உபயோகிக்கிறேன் பார் என்று நாடகத் திட்டத்தை அவன் வகுப்பதை விட்டுவிடுகிறார்கள். அப்பாவைப் பறிகொடுத்த மகன் சாவு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, நான் சரியாகக் கவனிக்காமல் விட்டுவிட்டேனே என்று தலையில் அடித்துக்கொண்டால், அதைப் போலீஸ் ஸ்டேஷனில் வாக்குமூலமாக எழுதிக்கொள்வோமா?

மூன்றாம் அங்கத்தின் அந்த உலகப் புகழ்பெற்ற தனிமொழி இன்னும் வேடிக்கை. வாழ்வதா சாவதா என்ற அந்தப் பேச்சில் சித்தப்பா இல்லை, ஆவி இல்லை, பழி இல்லை, அப்பா இல்லை. தன்னைக் குறித்து ‘நான்’ என்றுகூட ஒரு முறையும் சொல்வதில்லை. மனிதர்கள் எல்லோரும் துயரத்தைப் பொறுத்துக்கொண்டு ஏன் உயிரோடு இருக்கிறோம் என்ற பொதுக் கேள்வி அது. அதை எடுத்து, கொலைக்குத் தயங்கும் ஒருவனின் ஒப்புதலாக்கிவிட்டார்கள்.

உண்மையில் தாமதக் கட்சிக்குச் சாதகமான பேச்சு ஒன்றுதான். நான்காம் அங்கத்தில், போலந்தை நோக்கிப் போகும் நார்வே இளவரசன் ஃபோர்ட்டின்பிராஸின் படையைப் பார்த்துவிட்டு, காரணமும் உறுதியும் பலமும் வழியும் இருந்தும் ஏன் இன்னும் செய்யாமல் இருக்கிறேன் என்று கேட்டுக்கொள்கிறான். இதை நான் மழுப்பப் போவதில்லை, கடுமையான வரிகள்தான். ஆனால் இரண்டு விஷயம். 1604-05-ல் வந்த இரண்டாம் குவார்ட்டோ பதிப்பில் இந்தப் பேச்சு இருக்கிறது. ஷேக்ஸ்பியரின் சகநடிகர்கள் 1623-ல் தொகுத்த முதல் ஃபோலியோவில் இல்லை. நீக்கியது ஆசிரியரா, குழுவா என்பதில் அறிஞர்களுக்குள் சண்டை உண்டு. யார் நீக்கியிருந்தாலும், இது இல்லாமலே நாடகம் முழுமையாக ஓடும் என்று அவர்களுக்குத் தோன்றியிருக்கிறது. தாமதம்தான் நாடகத்தின் உயிர் என்றால், அதைப் பற்றிய மிக வெளிப்படையான பேச்சை வெட்டியிருப்பார்களா? இரண்டாவது, அவன் எதைப் பார்த்துவிட்டுத் தன்னை நொந்துகொள்கிறான்? 5 டுகாட் குத்தகைக்குக்கூட நான் எடுக்க மாட்டேன் என்று அந்தப் படைத் தலைவனே சொல்லும் ஒரு துண்டு நிலத்தை. செத்தவர்களைப் புதைக்கக்கூட இடம் போதாத அந்த நிலத்துக்காக 20,000 பேர் சாகப் போகிறார்கள் என்று அவனே வர்ணிக்கிறான். செயல்வீரம் என்று அவனுக்கு எதிரே நிறுத்தப்படும் மாதிரி எவ்வளவு அபத்தமானது என்பது அந்தப் பேச்சுக்குள்ளேயே இருக்கிறது.

இன்னொரு மாதிரி லேயர்டீஸ். வகுப்பில் எப்போதும் இவனைத்தான் எதிரே நிறுத்துவார்கள். அப்பா பொலோனியஸ் செத்த செய்தி கேட்டதும் பிரான்சிலிருந்து பறந்து வருகிறான், கூட்டம் திரட்டுகிறான், அரண்மனைக் கதவை உடைக்கிறான். தேவாலயத்துக்குள் வைத்தே ஹாம்லெட்டின் கழுத்தை அறுப்பேன் என்கிறான். பார், இவன்தான் மகன்! ஆனால் அவன் முதலில் யாரைக் கொல்ல வருகிறான்? கிளாடியஸை, அதுவும் அவன் செய்யாத கொலைக்காக. கிளாடியஸ் கொஞ்ச நேரம் இனிக்க இனிக்கப் பேசியதும் அதே லேயர்டீஸ் அவன் கையாளாகிறான். வாள்முனையில் விஷம் தடவும் யோசனையைச் சொல்கிறவனும் அவன்தான். கடைசியில் அந்த விஷத்தாலேயே சாகும்போது என் சதியில் நானே மாட்டினேன் என்று ஒப்புக்கொள்கிறான். விசாரிக்காமல் பழிவாங்கப் புறப்பட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஷேக்ஸ்பியர் வைத்த உதாரணம் இவன். நம் பாடப்புத்தகங்களுக்கு இவன் முன்மாதிரி.

தாமதக் கொள்கையை நான்தான் முதலில் மறுக்கிறேன் என்று நினைக்க வேண்டாம். பெர்லினில் கார்ல் வெர்டர் 1859-60 வாக்கிலேயே தன் உரைகளில் வேறு விதமாகச் சொன்னார்: ஹாம்லெட்டின் வேலை வெறுமனே கிளாடியஸைக் குத்துவது அல்ல, அவன் குற்றத்தை ஊரறிய நிரூபிப்பது, அதற்கு வழியில்லாததுதான் சிக்கல். இதற்கு ஏ.சி. பிராட்லி 1904-ல் தன் புகழ்பெற்ற நூலில் பதில் சொன்னார். வெளித்தடைகளைப் பற்றி ஹாம்லெட் எங்குமே பேசுவதில்லை, தன்னால் முடியும் என்றே எப்போதும் பேசுகிறான். நாடகம் போட்டதும் தன் மனத்தெளிவுக்குத்தான், ஊருக்குக் காட்ட அல்ல. லேயர்டீஸுக்குத் திரண்ட மக்கள் இவனுக்கும் திரண்டிருப்பார்கள். பிராட்லி லேசான ஆள் அல்ல. மக்களுக்கு ஹாம்லெட்மீது பிரியம் என்பதைக் கிளாடியஸே சொல்கிறான். வெர்டர் சொன்னது போல நீதிமன்றத் தீர்ப்பு அவன் நோக்கம் என்று நானும் சொல்ல மாட்டேன்.

ஆனால் பிராட்லி ஒன்றைக் கணக்கில் எடுக்கவில்லை: நேரம். ஆவிமீது சந்தேகம் இருந்த வரை மக்களைத் திரட்டுவது எப்படி? தானே நம்பாத ஒன்றை ஊரை நம்பவைக்கப் போவானா? சந்தேகம் தீர்ந்தது நாடகம் நடந்த இரவில். அந்த இரவே கையில் பொலோனியஸின் ரத்தம். பிறகு காவலும் கப்பலும். கூட்டம் திரட்டுவதற்கு அவனுக்கு எந்தக் காலை இருந்தது? நாடகம் தன் மனத்தெளிவுக்குத்தான் என்பதை முழுவதுமாக ஒப்புக்கொள்கிறேன். ஒருவனைக் கொல்வதற்கு முன்னால் மனத்தெளிவு வேண்டும் என்று நினைப்பது நோய் என்றால், ஆரோக்கியம் எது என்று பிராட்லி கட்சிக்காரர்கள் சொல்ல வேண்டும்.

இந்தக் கொள்கை எங்கிருந்து வந்தது? அரங்கிலிருந்து வரவில்லை. 1736-ல் வந்த, தாமஸ் ஹான்மர் எழுதியதாக நெடுங்காலம் சொல்லப்பட்ட ஒரு சிறு நூல், இளவரசன் உடனே கொன்றிருந்தால் நாடகம் அங்கேயே முடிந்திருக்கும் என்று ஆசிரியரின் கதைப்பின்னலைப் பற்றித்தான் குறை சொன்னது. குறை ஆசிரியருடையதாக இருந்தது, பாத்திரத்துடையதாக மாறியது பிறகு. கெதே 1795-96-ல் தன் நாவலில் ஹாம்லெட்டைத் தாங்க முடியாத சுமை ஏற்றப்பட்ட மெல்லிய ஆத்மாவாக்கினார். கோல்ரிட்ஜ் 1811-12 உரைகளில் சிந்தனை மிகுந்து செயல் மறந்தவனாக்கினார். தனக்குள்ளும் ஹாம்லெட்டின் சாயல் கொஞ்சம் உண்டு என்று சொல்லிக்கொண்டவர் அவர். தொடங்கிய பெரிய கவிதைகளைப் பாதியில் விட்டவர், முகக்கண்ணாடியைப் பார்த்துவிட்டு டென்மார்க்கைப் பார்த்ததாக நினைத்துக்கொண்டார். ஃபிராய்ட் 1900-ல் கனவுகளைப் பற்றிய நூலில் கெதேயை மறுத்தார். பொலோனியஸைக் குத்தியவன், இரண்டு அரசவைக்காரர்களைச் சாவுக்கு அனுப்பியவன் செயலற்றவன் ஆக மாட்டான் என்று சரியாகவே சொன்னார். அதோடு நிறுத்தியிருக்கலாம். சித்தப்பாவைக் கொல்ல மட்டும் ஏன் தயங்கினான் என்று கேட்டு, தாய்மீதுள்ள ஆழ்மன ஆசை என்று ஒரு விடை கண்டுபிடித்தார். இல்லாத நோய்க்குப் புது மருந்து.

மேடை இந்த நோயாளியை ஒருபோதும் முழுதாக ஏற்கவில்லை. 1899-ல் பாரிஸில் சாரா பெர்னார்ட் ஹாம்லெட் வேடம் போட்டபோது பார்த்தவர்கள் கண்டது துடிப்பும் உறுதியும் உள்ள இளைஞனை. தமிழில் இதை ‘அமலாதித்யன்’ என்று எழுதிய பம்மல் சம்பந்த முதலியாரும் மேடைக்காரர்தான். இன்னும் முக்கியம், கண்காணிப்பில் வாழ்ந்தவர்கள் இந்த நாடகத்தை வாசித்த விதம். 1956-ல் சோவியத் கட்சியின் 20-வது மாநாட்டுக்குச் சில வாரங்களுக்குப் பிறகு போலந்தின் கிராக்கோவில் நடந்த ஹாம்லெட்டைப் பற்றி விமர்சகர் யான் காட் எழுதியிருக்கிறார். அங்கே பார்வையாளர்கள் கண்டது திரைக்குத் திரை ஒருவரை ஒருவர் வேவு பார்க்கும் அரண்மனையை. கோசின்ட்சேவ் 1964-ல் எடுத்த ரஷ்யப் படமும் எல்சினோர் அரண்மனையைச் சிறையாகவே காட்டியது. பிரதியில் இருப்பதைத்தான் அவர்கள் காட்டினார்கள். பொலோனியஸ் பாரிஸில் இருக்கும் சொந்த மகனை வேவு பார்க்க ஆள் அனுப்புகிறான், மகளைத் தூண்டில் புழுவாக்குகிறான். ஹாம்லெட்டின் பால்ய நண்பர்களை மன்னன் உளவுக்கு வரவழைக்கிறான். முதல் காட்சியின் முதல் கேள்வியைக் கவனியுங்கள்: காவலில் நிற்பவன் கேட்க வேண்டிய ‘யார் அங்கே’யை, மாற்றுக் காவலுக்கு வருகிறவன் கேட்கிறான். அந்த ஊரில் எல்லோருக்கும் எல்லோர்மீதும் பயம். உள்ளே சத்தம் போட்டுப் பேச முடியாத நாட்டில் இருந்தவர்களுக்கு, ஏன் உடனே செய்யவில்லை என்று கேட்கத் தோன்றவில்லை.

ஒரு மாணவர் இதைத் தாமதத்தின் கதையாகப் படிப்பதால் என்ன குடி முழுகிவிடும் என்று கேட்கலாம். நாடகம் மூழ்கிவிடும். அரிஸ்டாட்டில் பெயரைச் சொல்லித்தான் இந்தக் குறை தேடும் வழக்கம் நடக்கிறது. அவரோ துன்பியலில் கதைநிகழ்வுக்கு முதலிடம், பாத்திரத்துக்கு இரண்டாம் இடம் என்றார். நாம் நிகழ்வைத் தள்ளிவிட்டு நாயகனின் ஜாதகத்தைப் பார்க்கிறோம். கொலை செய்து, அண்ணியை மணந்து, தேர்ந்தெடுக்கும் அவையைக் கைக்குள் போட்டுக்கொண்டு அரியணையில் ஏறியவன் கிளாடியஸ். எட்டுச் சாவுக்கும் தொடக்கம் அவன் ஊற்றிய விஷம். விடைத்தாளில் மட்டும் குற்றவாளிக் கூண்டில் நிற்பது செத்தவரின் மகன்.

கடைசிக் காட்சியை, லேயர்டீஸோடு நடக்கும் வாள்போட்டியை, இந்தக் கண்ணோடு பாருங்கள். விஷக் கோப்பையைக் குடித்து ராணி எல்லோர் முன்னாலும் சாகிறாள், பானத்தில் விஷம் என்று சொல்லிவிட்டே சாகிறாள். லேயர்டீஸ் வாள்முனையில் விஷம் இருந்ததையும், மன்னன்தான் காரணம் என்பதையும் அவையறியச் சொல்கிறான். முதல் முறையாக வெளிச்சத்தில், சாட்சிகளோடு, குற்றம் நிரூபணமாகிறது. அந்தக் கணமே ஹாம்லெட் கிளாடியஸைக் குத்துகிறான், ஒரு நொடி தயங்கவில்லை. அவை என்ன சொல்கிறது? ராஜத்துரோகம், ராஜத்துரோகம் என்று கத்துகிறது! ராணியின் பிணம் கிடக்கும்போது, கூட்டாளியே ஒப்புக்கொண்ட பிறகு, இந்தக் கத்தல். மூன்றாம் அங்கத்தில் ஒரு பிரார்த்தனை அறையில் மன்னனைக் குத்திவிட்டு வெளியே வந்து, ஆவி சொன்னது என்று விளக்கியிருந்தால் இந்த அவை அவனை என்ன செய்திருக்கும்? அவனுக்கும் இது தெரியும். அதனால்தான் சாகும்போது, தானும் குடித்துச் சாகப் பார்க்கும் ஹொரேஷியோவிடமிருந்து கோப்பையைப் பிடுங்கி, நீ சாகாதே, நடந்ததைச் சொல், இல்லையென்றால் என் பெயர் கெட்டுப்போகும் என்று கெஞ்சுகிறான். பெயர் கெட்டுத்தான் போயிற்று.

கேள்வித்தாள் தயாரிக்கும் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். ‘ஹாம்லெட் ஏன் தாமதித்தான்?’ என்ற கேள்வியைக் கொஞ்ச காலத்துக்கு எடுத்துவிடுங்கள். அந்த இடத்தில் இதைப் போடுங்கள்: கிளாடியஸை ஹாம்லெட் எப்போது கொன்றிருக்க வேண்டும்? அங்கமும் காட்சியும் குறிப்பிட்டு, அந்த நேரத்தில் அவனிடம் இருந்த ஆதாரத்தைச் சொல்லி விடை எழுதுக. முழு மதிப்பெண்ணையும் இதற்கே கொடுக்கலாம்.